திரும்பி வராதவர்களுக்கு ஒரு கை நீர்

தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டை போகும் சாலையில் ஊரைத் தாண்டினால் விமானப்படைத் தளம் வரும். 2020 ஜனவரியில் சுகோய் போர் விமானங்கள் அங்கே நிலைகொண்ட பிறகு, திருவையாற்றுக்காரர்களான எங்களுக்கும் அந்தச் சத்தம் பழகிவிட்டது. நடவு வயலில் குனிந்திருப்பவர்கள்கூட ஒரு நிமிடம் இடுப்பை நிமிர்த்தி அண்ணாந்து பார்ப்பார்கள்.

தெருப் பிள்ளைகளிடம் கேட்டால், "அது இப்பத்தான் சார் வந்துச்சு" என்பார்கள். என் அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார். அவர் பத்து வயதுப் பையனாக இருந்தபோதே தஞ்சாவூரில் குண்டுவீச்சு விமானங்கள் நின்றன. அவற்றை அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்தக் காலத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. ஏப்ரல் 5-ஆம் தேதி கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும், 9-ஆம் தேதி திருகோணமலையிலும் குண்டுகள் விழுந்தன. சென்னையில் பாதி ஊர் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியது. ரயிலில் இடம் கிடைக்காதவர்கள் மாட்டு வண்டியில் போனார்கள். ஜப்பான்காரன் எப்போது கரையேறுவானோ என்ற பயம், கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் ஊர் வரைக்கும் வந்தது.

அந்தச் சமயத்தில் தமிழ்நாட்டின் பொட்டல் வெளிகளில் விமான ஓடுதளங்கள் முளைத்தன. சோழவரம், உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு என்று பல இடங்கள். தஞ்சாவூரும் அவற்றில் ஒன்று.

தஞ்சாவூருக்கு வந்தது பிரிட்டிஷ் விமானப்படையின் 36-ஆவது அணி. அந்த அணிக்கு ஒரு சோகக் கதை உண்டு. முன்பு சிங்கப்பூரில் இருந்தபோது, வில்டபீஸ்ட் என்ற பழைய இரட்டை இறக்கை விமானங்களில்தான் அவர்கள் பறந்தார்கள். 1942 ஜனவரி 26-ஆம் தேதி மலாயாவின் எண்டாவ் கரையில் இறங்கிய ஜப்பானியப் படையைத் தாக்க, பட்டப்பகலில் அந்த மெதுவான விமானங்களை அனுப்பினார்கள். இந்த அணியும் இன்னொரு அணியும் சேர்ந்து போனதில், அந்த ஒரே நாளில் பத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் திரும்பவில்லை. எஞ்சியவர்களில் பலர் ஜாவாவில் சிறைபட்டார்கள். அணியே இல்லாமல் போனது. அதே ஆண்டு அக்டோபரில், புது ஆட்களையும் வெலிங்டன் என்ற குண்டுவீச்சு விமானத்தையும் கொண்டு அந்த அணியை மறுபடி உருவாக்கினார்கள். உருவாக்கிய இடம் நம் தஞ்சாவூர்.

வெலிங்டன் எப்படியிருக்கும் என்று கேட்டால், நம் காவிரிப் பரிசலை நினைத்துக்கொள்ளுங்கள். மூங்கிலைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி மேலே தோல் போர்த்தினால் பரிசல். அலுமினியப் பட்டைகளை அதேபோலக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, மேலே துணியை இழுத்துக் கட்டி, வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சைத் தடவினால் வெலிங்டன். பார்ன்ஸ் வாலிஸ் என்ற பொறியாளரின் யோசனை அது. உடம்பில் பெரிய ஓட்டை விழுந்தாலும் பின்னல் தாங்கும். இரண்டு இன்ஜின். உள்ளே வழக்கமாக ஆறு பேர். ஓட்டுபவர்கள், வரைபடம் பார்த்து வழி சொல்பவர், வயர்லெஸ் பார்ப்பவர், துப்பாக்கிக்காரர்கள். பெரும்பாலோர் இருபதுகளில் இருந்த பையன்கள்.

வங்காள விரிகுடாவில் நீர்மூழ்கிக் கப்பல் தேடுவது அவர்கள் வேலை. காலையில் கிளம்பினால் மணிக்கணக்கில் கீழே தண்ணீர், மேலே மேகம்.

இனி அப்பாவின் கதை. 1943-இல் சம்பா அறுப்பு முடிந்து, தாளுக்கு நடுவே உளுந்து தலைகாட்டியிருந்த மாசி மாதம். ஆடு மாடு வாய் வைக்காமல் காவல் இருப்பது அவர் வேலை. வெயிலில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு வானத்தைத் தவிர வேறு என்ன பொழுதுபோக்கு? கிழக்கே போகும் விமானம் ஒவ்வொன்றுக்கும் வரப்பு மண்ணில் குச்சியால் ஒரு கோடு போடுவாராம். திரும்பி வரும்போது ஒவ்வொரு கோடாக அழிப்பாராம்.

ஒருநாள் ஒரு கோடு மிச்சமாக நின்றது.

இருட்டும் வரை உட்கார்ந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார். அந்த விமானம் வேறு ஊரில் இறங்கியிருக்கலாம். அவர் சாப்பிடப் போன நேரத்தில் தலைக்கு மேல் போயிருக்கலாம். அப்பாவே பிற்காலத்தில் அப்படித்தான் சொல்வார். ஆனால் அந்தக் கோட்டை அவர் அழிக்கவில்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் போய்ப் பார்த்திருக்கிறார். மாசி மழை ஒன்று வந்துதான் அது கரைந்தது என்று, எண்பது வயதிலும் நேற்று நடந்த மாதிரி சொல்வார்.

கடலுக்கு மேலே போன ஒரு விமானம் காணாமல் போனால் என்ன நடக்கும்? கடைசியாக வந்த வயர்லெஸ் செய்தி எந்த இடத்திலிருந்து என்று பார்ப்பார்கள். எதிரிக்குக் கேட்கக் கூடாது என்று பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டு பறப்பவர்கள் என்பதால், அந்தச் செய்தியே பல மணி நேரம் பழசாக இருக்கும். பெட்ரோல் தீரும் நேரத்தைக் கணக்குப் போட்டு, அதற்கு மேலும் காத்திருந்துவிட்டு, தேடப் போவார்கள். ரப்பர் மிதவையில் யாராவது தத்தளிக்கிறார்களா என்று பார்ப்பார்கள். கடலில் விழுந்த விமானம் பள்ளத்தைக்கூட விட்டுவைக்காது. கொஞ்சம் எண்ணெய் மிதக்கும். அதையும் அலை கலைத்துவிடும்.

பிறகு இங்கிலாந்திலோ ஆஸ்திரேலியாவிலோ கனடாவிலோ ஒரு வீட்டு வாசலில் தந்திக்காரர் வந்து நிற்பார். 'உங்கள் மகனைக் காணவில்லை' என்பதுதான் செய்தி. இறந்துவிட்டான் என்று அதில் இருக்காது. பொதுவாக ஆறு மாதம் கழித்து இன்னொரு கடிதம் வரும், இறந்ததாகக் கொள்ளப்படுகிறான் என்று. இந்த இரண்டு காகிதங்களுக்கும் நடுவில் அந்த அம்மா எத்தனை முறை வாசலுக்கு வந்து பார்த்திருப்பாள்!

போர் முடிந்த பிறகு பிரிட்டிஷ் விமானப்படை தன் ஆட்களைத் தேடுவதற்கென்றே ஒரு தனிப் பிரிவை நடத்தியது. அப்போது காணாமல் போனவர்கள் கணக்கில் சுமார் 42,000 பேர் இருந்தார்கள். கிராமம் கிராமமாகப் போய், கல்லறைகளைத் திறந்து, சட்டைப் பட்டனையும் காலணி எண்ணையும் வைத்து அடையாளம் கண்டு, 1950-க்குள் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு விடை கண்டுபிடித்தார்கள். 9,000-க்கும் மேற்பட்டவர்களைக் கடலில் மறைந்தவர்கள் என்று எழுதி முடித்தார்கள். கடலிடம் போய் விசாரிக்க முடியாதே.

நம் பக்கம் இறந்து உடல் கிடைத்தவர்களில் பலர் சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறையில் இருக்கிறார்கள். 850-க்கும் மேற்பட்ட கல்லறைகள், வெட்டிச் சீராக்கிய புல்வெளி. உடல் கிடைக்காத விமானிகளின் பெயர்கள் சிங்கப்பூரில் கிராஞ்சி நினைவிடத்தில் இருக்கின்றன. தெற்கு, கிழக்கு ஆசியா முழுவதிலும் அதைச் சுற்றிய கடல்களிலும் மறைந்தவர்களுக்கு அதுதான் இடம்.

மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது நான் அங்கே போனேன். மேட்டின் மேல் விமான இறக்கை மாதிரி ஒரு கூரை. கீழே வரிசையாகச் சுவர்த்தூண்கள். தூண் முழுக்கப் பெயர்கள், 24,000-க்கும் மேல். விமானிகள், தரைப்படையினர், நம் இந்தியப் படைவீரர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ். மழை பிடித்துக்கொண்டதால் ஒரு மணி நேரம் அங்கேயே நின்றேன். எந்தப் பெயர் தஞ்சாவூரிலிருந்து பறந்தவருடையது என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் 'அப்பா போட்ட கோடு இங்கேதான் எங்காவது இருக்கும்' என்று தோன்றியது.

பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார மூதாட்டி, சக்கர நாற்காலியில் இருந்தபடி ஒரு பெயரை விரலால் தடவிக்கொண்டிருந்தார். எழுத்து எழுத்தாகத் தடவினார். உடல் இல்லாத வீட்டுக்கு அந்தப் பெயர்தான் உடல் என்று அப்போது புரிந்தது.

சில சமயம் கதை திரும்பியும் வருகிறது. 1944 ஜனவரி 25-ஆம் தேதி சீனாவின் குன்மிங்கிலிருந்து அசாமின் சபுவாவுக்குக் கிளம்பிய அமெரிக்காவின் பி-24 குண்டுவீச்சு விமானம் ஒன்று எட்டுப் பேரோடு மறைந்தது. 'ஹாட் ஆஸ் ஹெல்' என்று அதற்குச் செல்லப் பெயர். 62 ஆண்டுகள் கழித்து, 2006-இல் கிளேட்டன் கூல்ஸ் என்ற மலையேறி அருணாசலப் பிரதேசக் காட்டில் அதன் உடைந்த பாகங்களைக் கண்டுபிடித்தார். 2016-இல் கொஞ்சம் எலும்புகள் டெல்லியிலிருந்து மரியாதையோடு அனுப்பப்பட்டன. பரிசோதித்ததில் லெப்டினன்ட் ராபர்ட் ஆக்ஸ்ஃபோர்ட் அடையாளம் காணப்பட்டார். 2017 ஜூனில் ஜார்ஜியா மாநிலத்தில் அவருடைய சொந்த ஊரான கன்கார்டில் அடக்கம் செய்தார்கள். அவரைப் பெற்றவர்கள் அதைப் பார்க்க இல்லை. பெயரைக் காப்பாற்றி வைத்திருந்த உறவுக்காரர்கள் பார்த்தார்கள்.

இது வெள்ளைக்காரர் கதை மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். 2016 ஜூலை 22-ஆம் தேதி காலை தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய நம் விமானப்படையின் ஏஎன்-32 விமானம் 29 பேரோடு காணாமல் போனது உங்களுக்கு நினைவிருக்கும். கப்பல், விமானம், செயற்கைக்கோள் என்று எல்லாவற்றையும் வைத்துத் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. செப்டம்பரில் தேடலை நிறுத்தினார்கள். ஏழரை ஆண்டுகள் கழித்து, சென்னையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி, 3,400 மீட்டர் ஆழத்தில் உடைந்த பாகங்களைப் படமெடுத்தது. 2024 ஜனவரியில் செய்தி வெளியானது. அந்த 29 வீடுகளிலும் அன்றைக்கு என்ன நடந்திருக்கும் என்று யோசித்தபடியே நான் செய்தித்தாளை மடித்து வைத்தேன். 'இனிமேல் தேட வேண்டாம்' என்பதும் ஒரு செய்திதான்.

இந்த விஷயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டிலும் ஒருவர் அப்படிப் போனார்.

அப்பாயியின் தம்பி அவர். அப்பாவுக்குச் சின்ன மாமா. 1938-இல் மலாயா ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலேறினார். மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம் வரும், கூடவே கொஞ்சம் பணமும். 1941 கடைசியில் கடிதம் நின்றது. அப்பா வரப்பில் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது, அப்பாயியும் அதே விமானங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம். "மலாயா அந்தப் பக்கந்தானேடா. அம்மாந் தூரம் போற கப்பலு, என் தம்பியை ஒரு தடவை பாத்துட்டு வராதா?" என்பாராம்.

போர் முடிந்து, அதே தோட்டத்தில் இருந்த ஒருவர் ஊர் திரும்பினார். ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டு போனதாகவும், லாரியில் ஏறியதைப் பார்த்ததாகவும், அதற்குப் பிறகு பார்க்கவில்லை என்றும் சொன்னார். அவ்வளவுதான் எங்களுக்கு வந்த தந்தி.

அந்தப் பாதை 415 கிலோமீட்டர். அதில் இறந்த போர்க் கைதிகள் சுமார் 13,000 பேர். அவர்களுக்குக் கல்லறை உண்டு, பெயர் உண்டு. தமிழர்களும் மலாய்க்காரர்களும் பர்மியர்களுமாக இறந்த தொழிலாளர்கள் 80,000 முதல் ஒரு லட்சம் வரை இருக்கலாம் என்பது கணிப்பு. கணிப்பு என்கிறபோதே தெரிகிறதல்லவா? அவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. 2023-இல்தான் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் அந்தத் தமிழர்களுக்காக ஒரு நடுகல் நட்டார்கள்.

அப்பாயி கடைசிவரை தம்பிக்குத் திதி கொடுக்கச் சம்மதிக்கவில்லை. "செத்தான்னு எவன் பாத்தான்? உசுரோட இருக்கறவனுக்கு எள்ளுந் தண்ணியும் எறைக்கச் சொல்றீங்களா?" என்று சண்டைக்கு வருவார். சாப்பாட்டு நேரத்தில் வாசல் கதவைச் சாத்த விடமாட்டார். வீட்டில் யாரும் எதிர்த்துப் பேசியதில்லை.

அவர் போன பிறகு அப்பாவுக்கு அந்தக் கேள்வி வந்து சேர்ந்தது. கொடுப்பதா, வேண்டாமா? கொடுத்தால் அப்பாயியின் நம்பிக்கையை நாமே முடித்துவைத்த மாதிரி. கொடுக்காவிட்டால் அந்த மனிதர் யாருக்கும் சொந்தமில்லாதவர் ஆகிவிடுவார். மாதக்கணக்கில் யோசித்துவிட்டு, புஷ்ய மண்டபப் படித்துறையில் எங்கள் வீட்டுப் புரோகிதரிடம் போய்க் கேட்டார். நானும் கூட இருந்தேன்.

அவர் நிதானமாகச் சொன்னார். காணாமல் போனவருக்காகப் பன்னிரண்டு ஆண்டு காத்திருக்கச் சொல்லியிருக்கிறது. உடல் இல்லாவிட்டால் தர்ப்பையால் ஓர் உருவம் செய்து காரியம் செய்யலாம். இறந்த நாள் தெரியாதவருக்கு மகாளய அமாவாசை இருக்கிறது. ஆயுதத்தாலோ விபத்தாலோ போனவருக்கு அதற்கு முந்தின நாள் சதுர்த்தசி. மாமன், அத்தை, சிநேகிதர் என்று மகாளயத்தில் நீர் கொடுக்கிற உறவுகளுக்குக் காருண்ய பித்ருக்கள் என்றே பெயர். "இதுக்கெல்லாம் வழி வெச்சிருக்காங்கன்னா, அந்தக் காலத்துலேயும் நிறையப் பேர் திரும்பி வராம இருந்திருக்காங்கன்னுதானே அர்த்தம்?" என்றார். அப்பா அன்றைக்குத்தான் சின்ன மாமாவின் பெயரைச் சொல்லி நீர் விட்டார். கை நடுங்கியது. வீட்டுக்கு வந்ததும், சாப்பிடும்போது வாசல் கதவை மட்டும் திறந்தே வைக்கச் சொன்னார்.

இப்போது அந்த வேலை என்னுடையது. மகாளய அமாவாசையன்று படித்துறையில் கால் வைக்க இடம் இருக்காது. புரோகிதர் மூன்று தலைமுறைப் பெயரைக் கேட்பார். பிறகு சின்ன மாமாவின் பெயர். கடைசியில், தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்குமாக ஒரு கை நீர் உண்டு. தாய், தந்தை, உற்றார், சிநேகிதர் என்று யாருமே இல்லாமல் போனவர்களுக்கும் உண்டு. அந்த இடம் வரும்போது, தஞ்சாவூரிலிருந்து கிளம்பி வராமல் போன பையன்களையும் நினைத்துக்கொள்கிறேன். அவர்களுடைய சாமி வேறு, பாஷை வேறு. ஆனால் அவர்கள் கடைசியாகப் பார்த்த பச்சை எங்கள் வயல்களாக இருந்திருக்கலாம். அந்த உரிமையில் ஒரு கை நீர் கூடுதலாக விடுகிறேன்.

எதையும் யாராவது தேடினால்தான் அது நிலைக்கும். இதே காவிரிக் கரையில் இருக்கும் தியாகராஜ சுவாமிகளின் சமாதியே ஒரு காலத்தில் சிதைந்து போய்க் கிடந்ததுதான். 1903-இல் சிஷ்ய பரம்பரையில் வந்த இருவர் தேடி வந்து சீர்செய்தார்கள். பிறகு பெங்களூர் நாகரத்தினம்மாள் தன் சொத்தைப் போட்டுக் கோயில் கட்டினார். தேடியவர்கள் இல்லையென்றால், இன்றைக்கு உலகமே வந்து உட்கார்ந்து பாடும் இடம் எது என்று யாருக்குத் தெரியும்?

உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். பர்மாவிலிருந்து நடந்தே கிளம்பி வராமல் போன தாத்தா, கடலுக்குப் போன சித்தப்பா, கோபித்துக்கொண்டு ரயிலேறிய பெரியப்பா. பெரியவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். முழுப் பெயர், ஊர், எந்த வருடம் போனார், கடைசியாக யார் பார்த்தார்கள். போனில் குரலாகப் பதிந்து வைத்தாலும் சரி, பிள்ளையின் நோட்டில் எழுதினாலும் சரி. சின்ன மாமாவின் பெயரை எங்கள் வீட்டு ரேஷன் கார்டு வைக்கும் டப்பாவில், ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறேன். எனக்குப் பிறகு படித்துறைக்குப் போகிறவருக்கு அது வேண்டும்.